மெர்லிமாவில் ஒரு திருச்சிக் கடிகாரம்

திருச்சி விமான நிலையத்திலிருந்து மலாக்கா விமான நிலையத்துக்குப் பறந்தால் நாலு மணி நேரம் கூட ஆகாது என்று என் மகன் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னபோது நான் நம்பவில்லை. நான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது போய்ச் சேரும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. என் கணக்கில் நாலு மணி நேரம் என்பது மதுரைக்குப் போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, விருதுநகரை எட்டிப் பார்க்கிற தூரம். அதே நேரத்தில் ஒரு கடலையே தாண்டிவிடலாம் என்றால் யார் நம்புவார்கள்?

மகன் காட்டிய பக்கத்தில் எல்லாம் இருந்தது. நேர்கோட்டுத் தூரம் இருந்தது, பறக்கும் நேரம் இருந்தது, கடலுக்கு மேலே வில்லாக வளைந்த ஒரு கோடும் இருந்தது. உடனே மெர்லிமாவில் இருக்கும் என் தங்கையின் கணவர் குணாவைக் கூப்பிட்டு, நேராக மலாக்காவிலேயே வந்து இறங்கப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"பறக்கிற நேரம் இருக்கு மச்சான். பறக்கத்தான் ஒன்னும் இல்ல" என்றார்.

மலாக்காவில் விமான நிலையம் இருக்கிறதாம். இப்போது அங்கே விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்களாம். நான் கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் வர வேண்டும் என்றார். பேருந்து என்றதும் எனக்கு உயிர் வந்தது.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கை மலர்விழியை மெர்லிமாவில் கட்டிக்கொடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. வெகுகாலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. யாழினி என்று பெயர். அவளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் தாய்மாமன் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் முறை. மலருக்குக் குழந்தையில் முதன்முதலாகப் போட்ட பொட்டுத் தோடு எங்கள் வீட்டு பீரோவில் இன்னும் இருந்தது. அதைத்தான் தன் மகளுக்கும் போட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். இந்தப் பதினைந்து வருடத்தில் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை கூட அவளைத் தேடிப் போனதில்லை. இந்த முறை அண்ணன் வருகிறான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

நாள் குறித்துத் தருவது பிறந்த வீட்டின் உரிமை. எங்கள் தெரு ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று குறித்துக் கொடுத்தார். நானும் அதை அப்படியே தொலைபேசியில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விமானம் ஏறினேன். முதல் பயணம் என்று நான் சொல்லவே தேவையிருக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டார். அவர் பெயர் கருப்பையா, புதுக்கோட்டைப் பக்கம். பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. விடுமுறை முடிந்து திரும்புகிறார். ஊரில் விட்டுவந்த மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், நடுக்கடலில் அப்படியே தூங்கிப்போனார்.

நான் தூங்கவில்லை. கீழே மேகம் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி கிடந்தது. அதற்கும் கீழே கடல். அந்தக் கடலைத் தாண்டத்தான் அந்தக் காலத்தில் நாள்கணக்கில் கப்பலில் கிடந்தார்கள். குணாவின் தாத்தா அப்படிப் போனவர். நானோ ஒரு தட்டு சோறும் ஒரு காபியும் முடிப்பதற்குள் தாண்டிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதன் சாமானியப்பட்டவன் இல்லை.

இறங்கும்போது கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கச் சொன்னார்கள். தள்ளிவைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. நிலையத்தில் ஒரு வண்டி கால்மணி தாமதமானாலும் ஓட்டுநரைக் காரணம் கேட்கிறவன் நான். இங்கே இரண்டரை மணி நேரம் அப்படியே காணாமல் போனது, யாரிடம் காரணம் கேட்பது என்று தெரியவில்லை.

பெட்டி எடுக்கிற இடத்தில் இன்னொரு வேடிக்கை. என் கறுப்புப் பெட்டியின் கைப்பிடியில் மனைவி அடையாளத்துக்காக ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். திருச்சியிலிருந்து வந்தவர்களின் மனைவிமார் எல்லோரும் அதையே செய்திருந்தார்கள். சுற்றி வந்த பெட்டிகளில் பாதிக்குத் தாலி கட்டியிருந்தது. நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டு கருப்பையாவுக்குக் கைகாட்டிவிட்டு மலாக்கா பேருந்தைப் பிடித்தேன்.

அந்தப் பேருந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சாலை முழுக்க ஒரு பள்ளம் இல்லை. ஓட்டுநர் ஒரு தடவை கூட ஒலிப்பான் அடிக்கவில்லை. இவர் எப்படித்தான் வேலையில் தாக்குப்பிடிக்கிறாரோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

மலாக்காவில் குணா காருடன் காத்திருந்தார். மெர்லிமாவ் அங்கிருந்து தெற்கே. ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் வரிசை பிடித்து நின்றன. ஒரு வரிசையின் ஊடே பார்த்தால் கண்ணுக்கெட்டின தூரம் வரை இருட்டுக் குகை, கார் நகர்ந்ததும் அடுத்த குகை. நடுநடுவே மலாய்க்காரர்களின் மர வீடுகள், தமிழ்ப் பெயர்ப்பலகையோடு ஒரு மளிகைக் கடை, எங்கு பார்த்தாலும் மோட்டார் சைக்கிள். குணாவின் குடும்பம் முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியது. இப்போது அவர் மலாக்காவில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறார். டவுன் ஓரத்தில் சொந்த வீடு.

மலர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் அழவில்லை. "அண்ணே, எளைச்சிட்டியேண்ணே" என்றாள். அழுதது நான்தான்.

சாப்பாடு ஆனதும் சீர்ச் சாமான்களை எடுத்துக் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மேலே ஆறு லுங்கி இருந்தது. அதன் கீழே சுண்டைக்காய் வற்றல், அதன் கீழே நார்த்தங்காய் ஊறுகாய். பட்டுப்பாவாடை இல்லை, எனக்கு வைத்திருந்த பட்டு வேட்டி இல்லை, தோடு இல்லை. மூடியின் உட்புறத்தில் கருப்பையா என்று பெரிதாக எழுதி, கீழே ஒரு எண் இருந்தது.

அந்தத் தோட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் இத்தனை வினை இல்லை. விமானத்தில் கூட்டமாக இருக்குமே, யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று, அதைப் பொட்டலமாகக் கட்டி மஞ்சள் தூள் டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தேன். அதிபுத்திசாலி செய்கிற வேலை. குணா அந்த எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தார். கருப்பையா பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரும் அப்போதுதான் பெட்டியைத் திறந்து என் பட்டு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றிருக்கிறார்.

"உங்க மஞ்சக் கயிறும் என் மஞ்சக் கயிறும் ஒரே மாதிரி இருந்துச்சுண்ணே" என்றார் பாவமாக. சனி, ஞாயிறு கடையில் கூட்டம், முதலாளி விடமாட்டார், யாராவது வந்தால் சாமானைப் பத்திரமாகக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

பட்டர்வொர்த் நாட்டின் வடக்கே, மெர்லிமாவ் தெற்கே. என் மகனுக்கு விஷயம் போனதும் அவன் மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். பினாங்கு விமான நிலையத்திலிருந்து மலாக்கா விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அப்பா என்று செய்தி அனுப்பினான். குணா அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். சாலை வழியாக ஆறேழு மணி நேரம். போக அவ்வளவு, வர அவ்வளவு.

சனிக்கிழமை விடிந்ததும் சமையலறைக்குப் போனேன். சுவரில் ஒரு கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. தவறான நேரம் காட்டுகிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, தொழில் அப்படி. நாற்காலி போட்டு ஏறி, முள்ளைத் திருப்பிச் சரியாக வைத்துவிட்டு இறங்கினேன். சோறு வைக்க வந்த மலர் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் அதே நாற்காலியில் ஏறி, முள்ளைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

"இது நம்ம ஊரு மணிண்ணே. வந்த வருசத்துலேருந்து இப்படித்தான் வெச்சிருக்கேன். இதப் பார்த்துத்தான் நீங்கள்லாம் எந்திரிச்சிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு தெரிஞ்சுக்குவேன்" என்றாள்.

பதினைந்து வருடமாக என் தங்கை அடுப்படியில் இரண்டு ஊரில் குடியிருந்திருக்கிறாள். நான் ஊரில் இருந்துகொண்டு, மெர்லிமாவில் இப்போது என்ன மணி என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? கை காரியமாக டம்ளரைக் கழுவுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

அப்போதுதான் வேலு வந்தார். பக்கத்து வீடு. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். மெர்லிமாவ் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, பத்து பெரண்டாம் என்ற இடத்தில் மலாக்கா விமான நிலையத்தை ஒட்டியிருக்கிற தொழிற்பேட்டையில் தினமும் இறக்கிவிடுவார். பேருந்துக்காரர் என்றதும் எனக்குப் பாதித் துக்கம் போய்விட்டது. மலர் அவரையும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். வேலு விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, மதியத்தோடு வேலை முடிகிறது, நான் போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்றார். நானும் கூட வருகிறேன் என்றேன்.

"தாப்பாண்ணே. மாமன் ஊர்ல இல்லாம சீரு நடக்குமா? நீங்க இருங்க" என்றார். பரவாயில்லை என்பதற்கு அங்கே 'தாப்பா' என்பார்கள். எனக்கு அந்த நாட்டிலேயே பிடித்த வார்த்தை அதுதான்.

கருப்பையாவின் பெட்டியை எடுத்துக் காரில் வைத்துக்கொண்டார். போகும்முன் ஒரு பையை மலரிடம் கொடுத்து, வேளைக்குச் சாமான் வந்து சேராவிட்டால் அண்ணனுக்கு உதவும் என்றார். பிரித்துப் பார்த்தோம். மடிப்புக் கலையாத புதுப் பட்டு வேட்டி.

அந்த வேட்டியின் கதையைக் குணா சொன்னது கிளேபாங் கடற்கரையில். விசேஷத்துக்குப் பழமும் பூவும் வாங்க மலாக்காவுக்குப் போனோம். வேலை முடிந்ததும், வந்த மனிதனுக்குக் கடலையாவது காட்ட வேண்டும் என்று தஞ்சோங் கிளிங் வரை கடற்கரைச் சாலையில் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் கிளேபாங்கில் நிறுத்தி, இளநீரும் வழுக்கையும் ஐஸும் சேர்த்து அடித்து, மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம் போட்டுக் கொடுக்கிற ஒன்றை வாங்கித் தந்தார். நம் ஊரில் இளநீரை வெட்டினால் குடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிவதோடு சரி. இவர்கள் அதற்குக் கல்யாணமே பண்ணி வைத்திருந்தார்கள். கடல் அலையே இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. எதிர்ப்பக்கம் சுமத்ரா என்றார்கள். தலைக்கு மேலே ஒரு சின்ன விமானம், படிக்கிற பிள்ளை ஓட்டுவதாக இருக்க வேண்டும், போன வழியே திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

குணா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கப்பல் காலத்தில் தோட்டத்துக்கு வந்த பெண்களுக்கு அண்ணன் தம்பி யாரும் கூட இல்லை. அதனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பிறந்த வீடாக நிற்பார். அவர்தான் வளைகாப்புக்கு வளையல் கொண்டுவருவார், அவர் மடியில்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. மலருக்கு அப்படி நின்றவர் வேலு. வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு ஆக்கி எடுத்து வந்தது வேலுவின் வீடு. பிரசவத்தன்று இரவெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தது வேலு. யாழினிக்குக் காது குத்தும்போதும் அவர்தான் உட்காருவதாக இருந்தது, வேட்டியும் வாங்கிவிட்டார். அதற்குள் நான் வருகிறேன் என்று செய்தி போனது.

"ஒரு வார்த்த சொல்லல மச்சான். சந்தோசம்லா, சொந்த மாமனே வராருன்னு விட்டுட்டாரு" என்றார் குணா.

என் கையில் இருந்த டம்ளர் சில்லிட்டுப் போயிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன். எந்த மனிதனின் இடத்தைப் பிடித்துக்கொண்டேனோ, அந்த மனிதன் எனக்காகவே நாட்டின் மறுகோடிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு மனசு இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால், நாலு மணி நேரத்தில் கடலைத் தாண்டலாம் என்பதை நம்பாத மாதிரி இதையும் நம்பியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். செம்பனைக் காட்டுக்குள் செம்மண் பாதையில் காரை ஓட்டிப் போனால், திடீரென்று வண்ணம் பூசிய கோபுரம் ஒன்று நிற்கிறது. தோட்டத்து வீடுகளில் இப்போது நம் ஜனம் அதிகம் இல்லை. ஆனால் விசேஷம் என்றால் டவுனிலிருந்து எல்லோரும் இங்கேதான் வருகிறார்கள். எனக்கு யாரையும் தெரியாது, எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. மலரண்ணன், மலரண்ணன் என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வேலுவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றேன்.

வேலு விடியற்காலை மூன்று மணிக்கே பட்டர்வொர்த்தை விட்டுக் கிளம்பிவிட்டார். ஒன்பதரைக்குள் வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒன்பதரை ஆனது. வழியில் பெருமழை, முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து சாலை அடைபட்டுக் கிடக்கிறது, வண்டிகள் ஊர்கின்றன என்று குணாவுக்குத் தகவல் வந்தது. பத்தானது. காது குத்துகிற ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு கோயில் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யாழினி பூமாலையைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்திருந்தாள்.

குணாவின் அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு ஜோடிக் கம்மலை எடுத்தார். நல்ல நேரம் போய்விட்டால் திரும்ப வராது, இப்போதைக்கு இதைப் போட்டுவிடலாம், மாமன் கொண்டுவந்ததை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேரத்தின் பேரில் சோறு தின்கிறவன் வேறு என்ன சொல்வான்? நேரம் தவறக் கூடாது, போட்டுவிடலாம் என்றேன். மலர் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பொட்டுத் தோட்டுக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது எனக்கல்லவா தெரியும். ஆசாரி எழுந்தார்.

"அண்ணே, இந்த நேரத்த யாரு குறிச்சுக் குடுத்தா?" என்று கேட்டாள் மலர்.

நம்ம தெரு ஜோசியர்தான் என்றேன்.

"அவரு வீட்டுச் சுவத்துல எந்த ஊரு கடிகாரம்ணே தொங்குது?"

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாக, கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னாள். "அங்க இன்னும் எட்டு மணி கூட ஆகல. அவரு இப்பத்தான் பல்லு வெளக்கிட்டு இருப்பாரு. அவரு சொன்ன ஒன்பது மணி இங்க பதினொன்னரைக்குத்தான்லா வரும்."

இருபது வருடமாக நேரம் சொல்லியே சம்பளம் வாங்குகிறேன். விமானத்தில் கடிகாரத்தைத் திருப்பியவனும் நான்தான், சமையலறையில் நாற்காலி போட்டு ஏறியவனும் நான்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அந்த ஜோசியர் திருச்சி மணிக்குத்தானே நட்சத்திரம் பார்த்திருப்பார் என்பது, தொலைபேசியில் நேரம் சொன்ன எனக்கும் தோன்றவில்லை, கேட்டுக்கொண்ட குணாவுக்கும் தோன்றவில்லை. இரண்டு கடிகாரத்தோடு வாழ்கிறவளுக்குத்தான் தோன்றியது.

கோயில் பூசையை அங்கே பண்டாரம் என்பவர் பார்க்கிறார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். நாள் பார்த்தது எந்த ஊரிலோ அந்த ஊர் மணிதான் செல்லும் என்றார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் வந்துவிடுமே என்று குணாவின் அக்கா கேட்டார்.

"நல்ல நேரத்துக்கு ஒரு கடிகாரம், எமகண்டத்துக்கு இன்னொரு கடிகாரமாம்மா? எடுத்தா எல்லாத்துக்கும் ஒன்னுதான்" என்றார் பண்டாரம். அந்த அம்மாளே சிரித்துவிட்டார். கம்மல் கைப்பைக்குள் போனது.

வானத்தில் தொலைந்த என் இரண்டரை மணி நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது. யாரிடம் காரணம் கேட்பது என்று தெரியாமல் விட்டிருந்தேன் அல்லவா, அதை என் தங்கை அத்தனை நாளும் சுவரில் மாட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

மீகூன் என்கிற அரிசிச் சேமியாவும் தேநீரும் வந்தன. காத்திருப்பது பாரமாகவே தெரியவில்லை. பதினொன்றரை தாண்டி, பன்னிரண்டும் தாண்டிக் கொஞ்ச நேரம் ஆனபோது, செம்பனை வரிசைக்குள் கார் சத்தம் கேட்டது. கண்ணாடி வரைக்கும் சேறு. வேலு இறங்கினார். சட்டை கசங்கி, கண் சிவந்து, முந்தின நாள் போட்ட அதே கால்சட்டையோடு இருந்தார். பெட்டியை என் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "லேட்டாயிருச்சாண்ணே?" என்று கேட்டார்.

என் வாழ்நாளில் எத்தனை ஓட்டுநர்கள் என்னிடம் அதைக் கேட்டிருப்பார்கள். இல்லை என்று நான் சொன்னது அன்றைக்குத்தான்.

மஞ்சள் தூள் டப்பாவைக் கவிழ்த்து, கையெல்லாம் மஞ்சளாக, பொட்டலத்தைத் தேடி எடுத்தோம். பிரித்ததும் மலர் தோட்டை வாங்கி முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் மணையில் உட்கார்ந்தேன். யாழினியை மடியில் வைத்தார்கள். பெண் குழந்தைக்கு இடது காதுதான் முதலில். ஊசி இறங்கியதும் அவள் போட்ட சத்தத்தில் காக்கை எல்லாம் பறந்தது. தோடு ஏறியது.

ஆசாரி வலது காதுக்கு நகர்ந்தார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றிருந்த வேலுவைக் கூப்பிட்டு, மணையில் உட்காரச் சொன்னேன். அவர் முதலில் அசையவே இல்லை.

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு மாமனா?" என்றது ஒரு குரல்.

"ரெண்டு காது இருக்கே" என்றேன்.

வேலு தன் சேறு பட்ட கால்சட்டையைக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார். மலர் முன்னால் வந்தாள். என் பெட்டியிலிருந்து எனக்காக வைத்திருந்த பட்டு வேட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கோயில் பின்பக்கம் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வேட்டியில் நான் நின்றேன், என் வேட்டியில் அவர் உட்கார்ந்தார். யாழினி என்னிடமிருந்து அவர் கைக்குப் போனதும், பழகின இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி அழுகையை நிறுத்தி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது மறுபடி அழுதாள், வேலுவும் அழுதார். அதைப் பார்த்து மலர் அழுதாள். நான் வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பேருந்து நிலையம் வரை வேலுதான் கொண்டுவந்து விட்டார். வழியில் பத்து பெரண்டாம் விமான நிலையத்தைக் காட்டினார். சின்னக் கட்டடம், நம் ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி அமைதியாக இருந்தது. கைப்பேசியில் இதற்கும் திருச்சிக்கும் நடுவேதான் அந்தக் கோடு வளைந்திருந்தது. ஒரு விமானம் கூடப் போகாத வழி. ஆனால் அந்த வழியில் என் தங்கை தினமும் போய் வந்துகொண்டிருந்தாள்.

திருச்சியில் இறங்கும்போது எல்லோரும் கடிகாரத்தைத் திருப்பினார்கள். நான் திருப்பவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். தஞ்சாவூர் வண்டி ஓட்டுநர் என் சன்னலில் தலையை நீட்டி, மணி என்ன சார் என்று கேட்டார். கையைப் பார்த்தேன். பதினொன்றரை. மலர் உலை வைத்திருப்பாள். வேலு மதியத்து ஆட்களை ஏற்றப் பேருந்தை எடுத்திருப்பார். யாழினி காதைத் தடவிக்கொண்டு தூங்கியிருப்பாள்.

ஓட்டுநர் காத்துக்கொண்டிருந்தார். என் பணிக்காலத்தில் அந்தக் கேள்விக்கு நான் ஒரு நாளும் தயங்கியதில்லை.

"எந்த ஊர் மணி?" என்று கேட்டேன்.